இரண்டாம் வரிசை ஏன் திரும்பி நிற்கிறது

நான் மாற்றிய கம்ப்யூட்டர் நிரல் ஒரு கைபேசித் திரைக்குள் அடங்கிவிடும். அதற்கு நான் சொன்ன விளக்கத்தை அச்சடித்தால் எங்கள் பிரஸ்ஸில் சின்னப் புத்தகமே போடலாம். ஆனிக் கடைசியில் ஆரம்பித்த பேச்சு, ஆடிப்பெருக்கு வாசலுக்கு வந்த பிறகுதான் முடிந்தது.

‘எங்கள் பிரஸ்’ என்று உரிமையோடு சொல்கிறேனே தவிர, அது மதினி வேலை பார்க்கிற இடம். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. திருத்தங்கலில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கீழே அச்சு இயந்திரங்கள், ஒரு கட்டிங் மெஷின், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மதினியின் கம்ப்யூட்டர். மாடியில் பைண்டிங். வேலையில் முக்கால்வாசி தினசரி காலண்டர்தான். தேதியைப் பெரிதாகப் போட்டு, கீழே ராகு காலம் எமகண்டம் போட்டு, நாளுக்கு ஒன்றாகக் கிழிக்கிறோமே, அது.

மதினியிடம் இருந்த பழைய கம்ப்யூட்டர் சித்திரை வெயிலில் அடிக்கடி அணைந்து போக ஆரம்பித்தது. அதில் இருந்த மென்பொருளோ புதுப் பெட்டியில் ஓடாது. நான் படிப்பை முடித்துவிட்டு, சென்னை வேலைக்குக் கூப்பிடும் வரை சும்மா இருந்த நேரம். சும்மா இருப்பது எனக்கு வராது. உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிற ஒரு மென்பொருளைக் கொண்டுபோய்ப் புதுப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். எந்தப் பக்கம் பெரிய தாளில் எந்த இடத்தில் வரவேண்டும் என்று அதுவே அடுக்கித் தரும்.

அடுக்கித் தந்தது. ஆனால் புத்தகம் வாசிக்கிற மாதிரி அடுக்கியது.

"ஏ புள்ள, உன் ஓசிச் சாமானுக்குக் கடைசித் தேதிய முதல்ல வைக்கத் தெரியல" என்றார் மதினி. "தாளுக்குத் தாள் நானே இழுத்து இழுத்து வச்சுக்கிட்டு இருக்கேன். எம்புட்டு நேரம் ஆகுது தெரியுமா? பிள்ளையப் பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிடக்கூட உங்க அம்மாதான் போறாக."

விஷயம் இதுதான். அந்த பிரஸ்ஸில் ஒரு தாளுக்குப் பத்துத் தேதி. மேல் வரிசையில் ஐந்து, கீழ் வரிசையில் ஐந்து. தாள்களை அச்சடித்து வெட்டினால் பத்து அடுக்கு கிடைக்கும். ஒரு அடுக்கு முழுக்க ஒரே தேதி. அடுக்குக்கு ஒன்றாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுச் சேர்ப்பார்கள். முதலில் எடுப்பது அடியில் போகும். அதனால் கடைசித் தேதியை முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றாம் தேதி மேலே நிற்கும்.

"இதென்ன பெரிய விசயம். ரெண்டு நாள்ல சரி பண்ணித் தாரேன் மதினி."

"பண்ணுவ. ஆவணியில நீ சென்னைக்குப் பறந்துருவ. அதுக்கப்புறம் புது வெர்சன்னு ஒண்ணு வந்து நீ பண்ணினத அழிச்சுட்டுன்னா நான் யாரப் போய்க் கேக்க? சீசன் நேரத்துல நான் இந்தா இப்படி இழுத்துக்கிட்டே உக்காந்திருக்க முடியாது. அந்தப் பழைய பெட்டியையே ரிப்பேருக்குக் குடுத்துருவேன், பாத்துக்கோ."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருசக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களை வெளியிடுவார்கள். அன்றிலிருந்து ஆர்டர் கொட்டும். அதற்குள் என் மாற்றம் மதினியின் பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. அந்த மென்பொருளின் மூலத்திலேயே ஏறிவிட வேண்டும். ஏறிவிட்டால் நான் எங்கே இருந்தாலும் அது இருக்கும். அவர்களும் ஆடிப்பெருக்குக்குச் சற்று முன்னால்தான் புதிய பதிப்பு விடுவதாக அறிவித்திருந்தார்கள். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடி எழுதி, சோதித்து, அனுப்பினேன். கூடவே ஒரு வரி: ‘காலண்டருக்காகப் பக்கங்களைப் பின்னிருந்து அடுக்கும் வசதி சேர்க்கப்பட்டது.’

மறுநாளே பதில் வந்தது. அந்த மென்பொருளில் வருகிற மாற்றங்களைப் படித்துப் பார்த்து ஏற்பதா வேண்டாமா என்று சொல்கிற ஒருவர். எங்கோ குளிர் நாடு. முகம் தெரியாது, படத்தில் ஒரு வாத்து இருந்தது. எங்கள் பேச்சு இங்கிலீஷில்தான் நடந்தது. இங்கே தமிழில் சொல்கிறேன்.

‘நன்றி. நிரல் சுத்தமாக இருக்கிறது. என்ன செய்கிறது என்று படித்தாலே தெரிகிறது. ஏன் செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. ஏன்?’

ஏன் என்றால்? நான் கொஞ்சம் சூடாகவே எழுதினேன். ‘காலண்டர் அப்படித்தான் செய்வார்கள்.’

‘அப்படியா? பன்னிரண்டு பக்கத்தைக் கையால் திருப்பி வைக்கச் சில நிமிடம்தானே ஆகும். அதற்காகப் புதிய வசதி சேர்த்தால் நாங்கள் அதைக் காலமெல்லாம் பராமரிக்க வேண்டும்.’

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாப்பிடும்போது மதினியிடம் புலம்பினேன். அம்மா சாத்தூர் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வேணும்னே கேக்காரு மதினி. நாம என்ன விளையாட்டுக்கா பண்றோம்?"

"ஏன்னு கேட்டா ஏன்னு சொல்ல வேண்டியதுதான? உனக்குத்தான் வாய் வெம்பக்கோட்டை வரைக்கும் கேக்குமே."

"சொல்லிட்டேன். காலண்டர் அப்படித்தான் செய்வாகன்னு."

"இதுக்குப் பேரு பதிலா?" என்றார் அம்மா. "பரீட்சையில இப்படி எழுதித்தான் நீ பாஸானியா?"

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் முறைத்துக்கொண்டு ரசம் ஊற்றிக்கொண்டேன். ஊற்றும்போதுதான் ஒன்று நெருடியது. பன்னிரண்டு. ஏன் பன்னிரண்டு என்றார்?

தலையை நிமிர்த்தினேன். ஃபிரிட்ஜுக்கு மேலே சுவரில் எங்கள் வீட்டுக் காலண்டர். எங்கள் வீட்டுக் காலண்டரில் ராகு காலம் இருக்காது, நாளுக்கொரு வேத வசனம் இருக்கும். மற்றபடி எல்லார் வீட்டையும் போல நாளுக்கு ஒரு தாள்தான். அவர் வீட்டில் இது இல்லை! அவருக்குக் காலண்டர் என்றால் மாதத்துக்கு ஒரு பக்கம். படம் போட்டு, ஆணியில் மாட்டி, மாதம் முடிந்தால் புரட்டுகிற சமாச்சாரம். சிவகாசிக்காரியான எனக்கு உலகத்தில் எந்தச் சுவரிலாவது தினசரி காலண்டர் தொங்காமல் இருக்கும் என்ற எண்ணமே வந்ததில்லை. அவர் கேள்வி கேட்டது நிரலைப் பற்றி இல்லை. நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதே அவருக்குத் தெரியாது!

கை கழுவிவிட்டு வந்து காலண்டரைப் படம் பிடித்தேன். அம்மா அன்றைய தாளைக் கிழிக்க மறந்திருந்தார். அவரைக் கிழிக்கச் சொல்லி அதையும் பிடித்தேன்.

"என் மூஞ்சி விழுதா?"

"இல்லம்மா, கை மட்டுந்தான்."

"அப்ப இரு, வளையலப் போட்டுக்கிடுதேன்."

வளையல் போட்ட கை தேதி கிழிக்கிற படத்தை அனுப்பினேன். பதில் வந்தது, மூன்று ஆச்சரியக் குறியோடு. ‘ஒவ்வொரு நாளும் கிழிப்பீர்களா!!! கிழித்த பிறகு அந்தத் தாளை என்ன செய்வீர்கள்?’

அதற்கும் பதில் எழுதினேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும்; மளிகைச் சாமான் எழுதலாம், திருநீறு மடிக்கலாம், சேவு வைத்துத் தின்னலாம், பையன்கள் ராக்கெட் செய்யலாம். நிரலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான். ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு எங்கள் பேச்சின் தொனியே மாறிவிட்டது. அவர் ஊர்ப் பழக்கம் ஒன்றிரண்டை அவரும் சொன்னார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் அடுத்த கேள்வி வந்தது.

‘சரி, இத்தனை தாளைக் கையால் திருப்ப முடியாதுதான். ஆனால் ஒரு கோப்பின் பக்கங்களை முன்பின்னாகத் திருப்பித் தர வேறு கருவிகள் இருக்கின்றனவே. பத்துப் பத்தாகவும் திருப்பலாம். திருப்பிவிட்டு எங்களிடம் கொடுத்தால் போதும். எங்கள் மென்பொருளுக்குள்ளேயே இது ஏன் வேண்டும்?’

இந்த முறை கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் சொன்னது சரி. எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும். இதற்குப் பதில் இல்லையென்றால் மாற்றம் ஏறாது. மாற்றம் ஏறாவிட்டால், மதினி இன்னொரு கருவியைக் கற்றுக்கொண்டு ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு தடவை வேலை பார்க்க வேண்டும். பார்க்க மாட்டார். பழைய பெட்டிதான்.

மாடியில் உண்மையிலேயே என்ன நடக்கிறது என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மதினியிடம் கேட்டால், "கடைசித் தேதி முதல்ல வரணும்னு சொல்லுவாக. அதுக்கு மேல நானும் ஏறிப் பாத்ததில்ல" என்றார். இருவருமாகப் படியேறினோம்.

மேலே வேர்த்துக் கொட்டியது. காற்றாடி இருக்கிறது, ஆனால் சேர்க்கிற நேரத்தில் போட மாட்டார்கள், தாள் பறந்துவிடும். நடுவில் நீள மேசை. மேசையின் இந்த விளிம்பில் ஐந்து அடுக்கு, அந்த விளிம்பில் ஐந்து அடுக்கு. ஏழெட்டுப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து, அடுக்குக்கு ஒரு தாளாக எடுத்துக் கையில் சேர்த்துக்கொண்டே போனார்கள். வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி வெள்ளியில் நடந்தே போவதா, பஸ்ஸில் போவதா என்பது விவாதம்.

"வா தாயி. கீழ கம்ப்யூட்டர்ல இருக்குற மருமகளும் வந்திருக்கு. என்ன அதிசயம்?" என்றார் முன்னால் நடந்துகொண்டிருந்த, கண்ணாடி போட்ட அக்கா.

"சும்மா பாக்க வந்தோம்க்கா."

"சும்மா பாக்கவா? காத்தாடி ஓடாத இடத்துக்குச் சும்மா யாரு வாரா? நீயும் ரெண்டு சுத்துச் சுத்து, இளைச்சுருவ."

சுற்றினேன். பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு என்று இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டே போய், மேசை முனையில் திரும்பி, அந்தப் பக்கம் ஐந்து, நான்கு, மூன்று என்று எடுத்துக்கொண்டே வந்தேன். சரியாகத்தான் வந்தது. மூன்றாவது சுற்றில் கால் தானாக நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் என்மேல் முட்டினார்.

"ஏத்தா, பிரேக் போட்டா ஆரன் அடிக்க மாட்டியா?"

நான் மதினியைப் பார்த்தேன். "மதினி, நீங்க கீழ் வரிசைய எப்படி வைக்கீக? இடமிருந்து வலமா அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. அப்படித்தான?"

"ஆமா."

"ஆனா இவுக அந்தப் பக்கம் திரும்பில்ல வாராக? வலமிருந்து இடமா வந்தா முதல்ல கையில சிக்குறது ஒண்ணாம் தேதி. இங்க எப்படி அஞ்சு சிக்குது?"

மதினி மேசையை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா, வெட்டி வந்த அடுக்க அப்படியேதான வைக்கீக?"

"அப்படியே வச்சா எப்படி ஓடும்?" என்றார் கண்ணாடி அக்கா. "காலையில வந்ததும் அந்தப் பக்கத்து அடுக்க எல்லாம் இடம் மாத்தி வைப்போம். தூக்கித் தூக்கி வச்சு இடுப்பு போயிரும். உங்க கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்னு நெனச்சோம்."

"சொல்லியிருக்கலாம்லக்கா?"

"யாரு கேட்டா?"

மதினி தலையில் கைவைத்தார். "இவுக இப்படித்தான் கேக்காகன்னு நெனச்சு நான் இழுத்து வைக்கேன். நான் இப்படித்தான் தருவேன்னு நெனச்சு இவுக தூக்கி வைக்காக. நல்லா இருக்கே கூத்து!"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில், காற்றாடி போட்ட மாதிரி கையிலிருந்த தாள்கள் ஆடின.

குளிர் நாட்டுக்காரருக்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. அதோடு, நான் அனுப்பிய நிரலில் பாதி தப்பு என்பதும் தெரிந்தது. வெறுமனே தலைகீழாக்குவது மட்டும்தான் வேலை என்றால், அவர் சொன்னதுபோல வேறு கருவியே போதும். என் மாற்றம் தேவையே இல்லை. தேவையானது வேறு. மேல் வரிசை பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு என்று போக வேண்டும். கீழ் வரிசை திரும்பி, இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று நிற்க வேண்டும். ஏரைத் திருப்பிக்கொண்டு வந்து அடுத்த உழவுச் சால் ஓட்டுகிறார்களே, அந்த மாதிரி. கோப்பைத் திருப்புகிற எந்தக் கருவிக்கும் இது தெரியாது. ஒரு தாளுக்கு எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை கட்டம் என்று தெரிந்தது அடுக்குகிற மென்பொருளுக்கு மட்டும்தான்.

பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நிரல் முன்னைவிடச் சின்னதாகிவிட்டது. விளக்கம் நீண்டது. தினசரி காலண்டர் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்தேன். வெட்டினால் அடுக்கு எப்படி வரும், கையில் முதலில் எடுப்பது ஏன் அடியில் போகும், மேசையைச் சுற்றி நடக்கிறவர்களுக்கு இரண்டாம் வரிசை எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மேசையை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு படமும் வரைந்து அம்புக்குறி போட்டேன். நீங்கள் முன்னால் சொன்ன யோசனை என் முதல் மாற்றத்துக்குச் சரியான பதில்தான், அதனால்தான் மாற்றத்தையே மாற்றிவிட்டேன் என்றும் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, இது இல்லாமல் முதல் தடவை எந்தத் தைரியத்தில் அனுப்பினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த சில நாள் கைபேசியைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. சாத்தூர் பஸ்ஸில், இருக்கன்குடிக்குப் போகிற மஞ்சள் சேலைக் கூட்டத்துக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு நின்றபோது பதில் வந்தது.

‘இப்போது புரிகிறது. இதைப் படித்த பிறகு வேறு மாதிரி எழுதவே முடியாது என்று தோன்றுகிறது. ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் காரணம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, நிரலுக்குள் இல்லை. நாளைக்கு யாராவது இரண்டாம் வரிசை மட்டும் திரும்பி நிற்பதைப் பார்த்துப் பிழை என்று நினைத்து நல்லெண்ணத்தோடு ‘சரி’ செய்துவிடுவார்கள். நிரலின் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள்.’

பஸ்ஸில் நின்றபடியே யோசித்து, வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். ‘இரண்டாம் வரிசை திரும்பி நிற்பது பிழை அல்ல. தாள்களைச் சேர்ப்பவர்கள் மேசையைச் சுற்றி நடக்கிறார்கள்; அந்தப் பக்கம் போனவர்கள் இந்த வழியாகத் திரும்பி வருகிறார்கள்.’

மாற்றம் ஏறியது. பெருக்குக்கு முந்தின வாரம் புதிய பதிப்பு வந்தது. அதை மதினியின் பெட்டியில் போட்டு, காலண்டர் என்ற வசதியைத் தேர்ந்து ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். இழுக்காமல், திருப்பாமல், ஒரு வருசமும் தானாகப் போய் உட்கார்ந்தது. மதினி தாள் தாளாக நகர்த்திக் கடைசி வரை பார்த்தார். பிறகு பர்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இரு, எண்ணெய் புரோட்டா வாங்கிட்டு வாரேன்."

முதல் ஆர்டர் அச்சாகி, வெட்டி, மாடிக்குப் போன அன்று காலையில் நானும் பிரஸ்ஸில் இருந்தேன். சந்தோசமாகக் கால் ஆட்டிக்கொண்டு மதினியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மேலிருந்து குரல் வந்தது.

"ஏ தாயி! இங்கன கொஞ்சம் ஏறி வா. உன் கம்ப்யூட்டர்ல வருசம் அஞ்சாந் தேதியில இருந்துதான் பொறக்குமா?"

ஓடினேன். கண்ணாடி அக்கா கையில் முதல் கட்டு. மேலே ஐந்தாம் தேதி. அடுத்து நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. அதற்கு அடியில் ஆறு.

கட்டை வாங்கி மறுபடி புரட்டினேன். பிறகு மேசையைப் பார்த்தேன். அந்தப் பக்கத்து ஐந்து அடுக்கையும் வழக்கம்போல இடம் மாற்றி வைத்திருந்தார்கள்.

"அக்கா, இனிமே மாத்த வேண்டாம்க்கா. கம்ப்யூட்டரே மாத்தித் தருது."

"எங்ககிட்ட யாரு சொன்னா?"

"நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"சொல்லு, சொல்லு. ‘யாரு கேட்டா’ன்னு சொல்லப் போற, அதான?"

கடல் தாண்டி இருக்கிறவருக்குப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, வளையல் கையைக் காட்டி விளக்கிய நான், இந்தப் படிகளில் ஏறிச் சொல்லவில்லை. நல்லவேளை, முதல் கட்டோடு போயிற்று. அடுக்குகளை எல்லாருமாக வெட்டி வந்த வரிசையிலேயே திருப்பி வைத்தோம். வேலையை நிறுத்தியதால் காற்றாடியைப் போடச் சொல்லி, தாள்களின்மேல் செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் முதலிலிருந்து சொன்னேன். அந்தப் படத்தையும் கைபேசியில் காட்டினேன். தங்கள் மேசை படமாகி எங்கேயோ போயிருக்கிறது என்றதும் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள்.

"நடக்குறவுகன்னு எழுதியிருக்கியே, எங்க பேரு எதுவும் போட்டிருக்கியா?" என்றார் ஒருவர்.

"இல்லக்கா."

"நல்லது. பேரப் போட்டா நாளைக்கு அவுக தாளு மாறிப் போச்சுன்னு என்னைத்தான் கேப்பாக."

கண்ணாடி அக்கா மட்டும் சிரிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை அம்புக்குறியின் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இந்தப் பக்கமா சுத்துனா சரியா வரும். அந்தப் பக்கமா சுத்துறவுக இருந்தா?"

மனதுக்குள் நடந்து பார்த்தேன். ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் பத்தில் முடியும். கட்டு முழுக்கத் தலைகீழாக வரும்.

"தப்பா வரும்க்கா."

"அதையும் அந்த வாத்துக்காரருக்கு எழுதிட்டியா?"

எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை. எந்த முனையில் ஆரம்பித்து எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று ஒரு வரி வேண்டும்தான். நான் போன பிறகு மதினி படிக்கவும் அது வேண்டும்.

காற்றாடியை நிறுத்தினார்கள். செங்கல்லை எடுத்தார்கள். சுற்று ஆரம்பமாயிற்று, பேச்சும் மறுபடி இருக்கன்குடிக்குப் போயிற்று. நான் கீழே வந்தேன். பழைய பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. காலையில்தான் எடைக்குப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் மதினி தன் டிபன் பாக்ஸை வைத்திருந்தார். அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு உட்கார்ந்து, அடுத்த மாற்றத்தை எழுத ஆரம்பித்தேன். இந்தத் தடவை ‘ஏன்’ என்பதை முதலில் எழுதினேன்.